இடுப்பளவு தண்ணீருக்கு எத்தனை அடி

குடும்பத்தோடு கடற்கரை ஊருக்குப் போய் ஐந்து நாள் தங்குவது என்றால் மற்றவர்கள் போனில் நாலு படம் பார்ப்பார்கள், தெரிந்தவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்பார்கள், பையைக் கட்டுவார்கள். செக்கிங் அந்த ரகம் அல்ல. அவள் முதலில் தனியாகப் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்விடுவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி கடலுக்குள் நடப்பாள். கணுக்கால் நனைய எத்தனை அடி, முழங்கால் நனைய எத்தனை அடி, இடுப்பு நனைய எத்தனை அடி. மூன்று எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்தபடி சொட்டச் சொட்டக் கரையேறுவாள். அப்புறம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம் போய், "போன வருஷம் இங்க எத்தனை பேரை இழுத்துச்சு?" என்று கேட்பாள். காலங்காத்தால கேட்கிற கேள்வியா இது என்று அந்த ஆள் முகத்தைச் சுளித்தால், இவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் வரும்வரை நிற்பாள்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் யாரும் பயன்படுத்தவில்லை. வீட்டிலும் செக்கிங், வேலையிலும் செக்கிங். தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜை. குழாயை மாட்டி, தண்ணீரை அழுத்தத்தில் திறந்துவிட்டு, மூட்டுக்குக் கீழே ஒரு காய்ந்த காகிதத்தை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் கடுகளவு ஈரம் பட்டாலும் குழாயில் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளும் ஒன்றும் இரக்கத்தின் மறு உருவம் இல்லை. ஒருநாள் வேலை முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு தட்டு நிறையக் குழாய்களைத் திருப்பி அனுப்ப, அவற்றைப் பூட்டிய பெண் வந்து நின்று அழுதாள். செக்கிங் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். அந்தப் பெண் அதில் கண்ணைத் துடைக்கப் போக, "அதுக்கில்ல, அடுத்த குழாய்க்கு" என்றாள்.

வயது நாற்பத்தெட்டு. அண்ணன் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை அறையில் வாசம். கல்யாணம் இரண்டு முறை கூடி வந்து தட்டிப் போனது. ஒன்று, இவள் கேட்ட கேள்விகளால். இன்னொன்று, அண்ணி சொன்ன பதில்களால்.

குழாய் பார்க்கிற வேலையைக் கடலுக்கும் நீட்டிக்கொண்டது ஏழு வருடத்துக்கு முன்னால். அந்த வருடம் அண்ணன் ஏதோ படத்தைப் பார்த்து ஓர் ஊரைப் பிடித்திருந்தார். மதியம், ஆண்கள் அறையில் தூங்க, கரையில் தங்கையும் அவளுடைய நாலு வயது மகளும் மட்டும் நின்றிருந்தார்கள். செக்கிங் சற்றுத் தள்ளி ஈரத் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். மகளைத் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கை படம் எடுக்கப் பின்னால் பின்னால் போனாள். போனை நிமிர்த்திப் பார்த்தபோது படத்தில் பிள்ளை இல்லை. செக்கிங்குக்கு நீச்சல் தெரியாது. ஓடினாள், இறங்கினாள், கழுத்துவரை போனாள், கையில் அகப்பட்ட தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். பிள்ளையை மணலில் போட்டு முதுகில் அடித்தபோது அது தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் தங்கை புருஷன் எழுந்து ஓடி வந்தான்.

"யார்கிட்ட விட்ட?" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்டான். அது சாதாரணக் கேள்வி இல்லை. சட்டையில் இஸ்திரிப் பெட்டி சூடு பட்டதற்காக ஒரு வருடம் பெண்டாட்டியோடு பேசாமல் இருந்த ஆள் அவன். தங்கையின் கை எழுந்து அக்காவைக் காட்டியது. "அக்காகிட்டதான் விட்டேன். கைய விட்டுட்டா."

தலைமுதல் கால்வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற செக்கிங்கை எல்லோரும் பார்த்தார்கள். கையை விட்டவள் எப்படித் தலைவரை நனைந்தாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. தங்கையின் வாழ்க்கை அந்த ஆளின் கையில் இருந்தது. தன் பேர் கெட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, நாலு நாள் திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அவள் வாழ்க்கையில் போட்ட கணக்குகளில் படு மோசமான கணக்கு அதுதான்.

மறக்கவில்லை. வளர்த்தார்கள். தங்கை புருஷன் மணலில் கிடந்த பிள்ளையைத்தான் தூக்கினான். அடுத்த வருடம் அவன் சொல்லும்போது பிள்ளை அலை ஓரத்தில் கிடந்தது. அதற்கடுத்த வருடம் முழங்கால் தண்ணீரில். நாலாவது வருடம் அவன் நெஞ்சளவு தண்ணீரில் நீந்திப் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தான், கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தங்கை முதல் வருடம் அக்காவின் கண்ணைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் குனியவில்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. "அக்கா நல்லவதான், ஆனா கொழந்தைங்கள மட்டும் அவகிட்ட விடாதீங்க" என்று செக்கிங்கை வைத்துக்கொண்டே சிரித்தபடி சொல்லும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் வந்தது.

அதன் பிறகுதான் ஊர் பார்க்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, இவளே தலையைக் கொண்டுபோய் நீட்டினாள். "எந்த ஊருன்னு நான் பாக்குறேன். எறங்கிப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள். செய்த தப்புக்குப் பரிகாரம் பண்ணுகிறாள் என்று மற்றவர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள். கூட வரும்போது இவளும் ஒரு விசிலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் போனால் ஊதுவாள். அண்ணன் பிள்ளைகள் இவளைத் தெரியாதவர்கள்போலத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

தங்கை மகளை அந்த வீட்டில் சின்னவள் என்பார்கள். அந்த மதியத்துக்குப் பிறகு அவள் கடலில் கணுக்கால்வரைகூட இறங்கியதில்லை. ஏழு வருடமும் கரையில் துண்டின் மேல் உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்தாள். அப்பா மிரட்டிப் பார்த்தான், அம்மா கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வருடம் பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பு, தங்கை குடும்பத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் மட்டும் மாடியேறி வந்தாள். தொட்டி ஓரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குக் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாறு கிளிப் போனதும் சொன்னாள்.

"பெரியம்மா, இந்த வருஷம் நான் தண்ணில எறங்கப் போறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாகூட இல்ல. உங்ககூட. நீங்க மட்டும் கைய புடிச்சிக்கணும். விசில் ஊதக் கூடாது."

செக்கிங்குக்குக் கையில் இருந்த துணி நழுவியது. "ஏன், என்கூட?"

"அன்னைக்கு ஒருத்தங்க என் முடியப் புடிச்சி இழுத்தாங்க. செம வலி. அது நீங்கதானே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே ஞாபகம் இருக்கு. அப்பாவோட கை பெருசு. அது பெருசா இல்ல."

ஏழு வருடத்தில் முதல் முறையாக ஒரு ஜீவன் அதைச் சொல்கிறது. ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கீழே கூடத்தில் தங்கை புருஷனின் குரல் கேட்டது. செக்கிங் துணியை எடுத்து மறுபடி உதறினாள். "மொதல்ல ஊர் சரியா அமையட்டும்டா. நான் பாத்துட்டு சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்க வேண்டும், அதை எல்லோரும் கரையில் நின்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இந்த வருடம் அவள் ஊர் பார்த்த லட்சணத்தை அந்த மூன்று ஊர்க்காரர்களும் லேசில் மறக்க மாட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் ஞாயிறு, கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர். வீடு அரண்மனை, பன்னிரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். கடல்தான் கயவாளி. பதினெட்டு அடிவரை சாதுவாக முழங்காலில் நின்ற தண்ணீர், பத்தொன்பதாவது அடியில் மார்பில் ஏறியது. காலடி மணல் உருவிக்கொண்டு போக, அவள் நாலு காலில் தவழ்ந்துதான் கரைக்கு வந்தாள். காவலாளி எழுந்திருக்கக்கூட இல்லை. இரண்டாவது ஞாயிறு, பாறை ஊர். பாறையெல்லாம் பாசி, பாசிக்கு நடுவில் கத்தி மாதிரி சிப்பி. குதிகால் கிழிந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது, மீன் சந்தை ஊர். இறங்கி நடந்தாள். முப்பது அடி, கணுக்கால். அறுபது, முழங்கால். தொண்ணூற்று நாலு அடி போன பிறகுதான் இடுப்பு நனைந்தது. மணல் தரை கூடத்துச் சிமெண்டுபோலச் சமமாக இருந்தது. இன்னும் இருபது அடி போய்ப் பார்த்தாள், தண்ணீர் மார்பைத் தொடவில்லை. நடுக்கடலில் தனியாக நின்றுகொண்டு அந்த மனுஷி சிரித்தாள். காவலாளி, "ஆறு வருஷமா இங்க இருக்கேன்மா, ஒரு செருப்பக்கூட இழுத்துட்டுப் போகல" என்றான். கரையை ஒட்டி ஒரு வீடு. உள்ளே போய் ஏழு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொன்றின் கீழும் காகிதம் வைத்து இரண்டிரண்டு நிமிடம் நின்றாள். ஒரு பொட்டு ஈரமில்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று, இது வாடகைக்கு வந்ததா, விலைக்கு வந்ததா என்று குழம்பிப் போயிருந்தார்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஒம்பது."

"ஒம்பதுன்னா ஒம்பதுதான். தொட்டி சின்னது. கைக்கொழந்தை வந்தாக்கூட கணக்குத்தான். போன மாசம் எட்டுன்னு சொல்லிட்டு பதினாலு பேரு வந்தாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

"நான் சொன்னா சொன்னதுதான்" என்றாள் செக்கிங். அண்ணன் வீட்டில் நாலு பேர், தங்கை வீட்டில் நாலு பேர், இவள் ஒன்பது. அண்ணன் மகளுக்கு இந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, மகள் மட்டும்தான் வருவாள் என்று அண்ணி சொல்லியிருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒருவேளை லீவு கிடைத்துவிட்டால் என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. பன்னிரண்டு பேர் தங்கும் அந்த அரண்மனை கண்முன் வந்து நின்றது. பத்தொன்பது என்பதை அறுபது என்று எழுதினால் கேட்க நாதியில்லை, யாரும் போய் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பேனாவைத் திறந்தாள். மார்பில் ஏறிய அந்தத் தண்ணீர் ஞாபகம் வந்தது. பத்தொன்பது என்றே எழுதினாள்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் நின்றபடி மூன்று ஊரையும் வாசித்தாள். பாதி வாசிக்கும்போதே அண்ணன் கொட்டாவி விட்டார். "மூணாவதுதான் சரி" என்று முடித்தாள். சின்னவள் மூலையிலிருந்து பெரியம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். வீட்டில் ஒன்பது பேர்தான் தங்கலாம், கைக்குழந்தையும் கணக்குத்தான் என்பதையும் சொல்லி, கடைசியில் செக்கிங் உட்கார்ந்தாள்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன்" என்றாள் அண்ணி. "மாப்பிள்ளைக்கு லீவு கெடச்சிடுச்சு. நேத்துதான் போன் பண்ணாரு."

எல்லோருடைய கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து எங்கே நிற்கும் என்று செக்கிங்குக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் நின்றது.

"நான் கூடத்துல பாய் போட்டு படுத்துக்குறேன்" என்றாள்.

"கைக்கொழந்தையக்கூட எண்ணுவாருன்னு இப்பதானே நீயே சொன்ன?" என்றார் அண்ணன்.

"அப்ப நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்ல தங்கிக்குறேன். பகல்ல மட்டும் வர்றேன்."

"நல்லா இருக்கு" என்றாள் அண்ணி. "பொண்ணு எடுத்த எடத்துல அத்தைய லாட்ஜ்ல தங்க வச்சிருக்காங்கன்னு மாப்பிள்ளை என்ன நெனப்பாரு? எங்க மானம் என்ன ஆகுறது?"

"வேற ஊரு பாக்கலாமே" என்று தங்கையைப் பார்த்தாள் செக்கிங். "இன்னும் ஒரு வாரம் குடுங்க. பெரிய வீடா பாக்குறேன்."

தங்கை அக்காவின் முழங்காலை அன்பாகத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. "எதுக்குக்கா வீணா அலையுற? நீதான் ஏற்கெனவே பாத்துட்டு வந்துட்டியே. எங்கள விட நீதான் நல்லா பாத்திருக்க."

கூடமே சிரித்தது. இறுக்கம் கலைந்துவிட்ட நிம்மதிச் சிரிப்பு. "தண்ணியில எறங்கி வேற நின்னிருக்காங்க. நாம இன்னும் காலையே நனைக்கல" என்றான் தங்கை புருஷன். அதற்கும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் எழுந்து, "பெரியம்மா வரலன்னா நான் எறங்க மாட்டேன்" என்றாள். "ஒன்ன யாரு எறங்கச் சொன்னா? கரையில உக்காரு" என்று அவள் அப்பா சொன்னான். பேச்சு எந்த வண்டியில் போவது என்பதற்குத் தாவியது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற கவலையும் இல்லை, செக்கிங் இருக்கிறாளே என்றாள் அண்ணி.

அவர்கள் போகும் நாளில் செக்கிங் வாசலுக்கு வந்து, எந்தப் பக்கம் மணல் சமம், எந்த நேரம் அலை குறைவு, எந்தக் கதவின் தாழ்ப்பாளை அழுத்திப் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தொட்டியில தண்ணி நிரம்பினா மோட்டார நிறுத்திடு" என்றார். போட்டிருந்த லீவை ரத்து செய்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். "கடலுக்குப் போகலயா?" என்று குழாய் பூட்டும் பெண் கேட்டாள். "பாத்தாச்சு" என்றாள் செக்கிங்.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு வேளையில், போனில் ஒரு வீடியோ வந்தது. தங்கை அனுப்பியிருந்தாள். அந்தச் சமமான மணலில், வெயிலில், புது மாப்பிள்ளை ஒரு பக்கமும் தங்கை புருஷன் இன்னொரு பக்கமும் கையைப் பிடித்திருக்க, நடுவில் சின்னவள் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். முதலில் உடம்பை விறைத்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீர் ஏறவே இல்லை என்று கண்டு தானாக நடந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். படம் எடுப்பவளின் குரல் கேட்டது. "பாத்தீங்களா, யாரும் விசில் ஊதி பயமுறுத்தலன்னா அவ பாட்டுக்கு எறங்கிட்டா."

செக்கிங் வீடியோவை மூன்று முறை பார்த்தாள். அழுகை வந்தது, பிள்ளை இறங்கிவிட்டாள் என்ற சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் சாப்பாடு உள்ளே போகவில்லை. டப்பாவை மூடும்போது போன் அடித்தது.

"பெரியம்மா" என்றது சின்னவளின் குரல். பின்னால் அலைச்சத்தம், பேச்சுச்சத்தம், யாரோ எதையோ கடித்துக்கொண்டிருக்கும் சத்தம். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "நான் எறங்கிட்டேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. சூப்பரா நடந்த."

"இங்க ஆழமே இல்ல பெரியம்மா. ரொம்ப தூரம் போனாலும் வரல. கடல்னா இப்படித்தான் இருக்குமாம். அம்மா சொன்னாங்க."

"ஆமாடா."

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். இங்க எல்லாரும் அன்னைக்கு நடந்தத பேசிட்டு இருந்தாங்க. அப்பாதான் நீந்தி வந்து தூக்குனாருன்னு புது மாமாகிட்ட சொன்னாங்க. நான் இல்லன்னு சொன்னேன். பெரியம்மாதான் முடியப் புடிச்சி இழுத்தாங்கன்னு சொன்னேன். யாருமே நம்பல. சிரிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

பேச்சுச்சத்தம் நின்றுவிட்டது. கடித்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. அலை மட்டும் கேட்டது. "சொல்லுங்கக்கா, மாப்பிள்ளை கேட்டுட்டு இருக்காரு" என்றான் தங்கை புருஷன். குரலில் சிரிப்பு இருந்தது, கீழே வேறு ஏதோவும் இருந்தது. அதற்கும் பின்னால், போனுக்கு மிக அருகில், யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது செக்கிங்குக்குத் துல்லியமாகக் கேட்டது. அது தங்கையின் மூச்சு. சின்ன வயதிலிருந்தே பயந்தால் அப்படித்தான் மூச்சைப் பிடிப்பாள்.

"பெரியம்மா?"

"அப்பாதான்டா" என்றாள் செக்கிங். "நான் கரையில நின்னுட்டு இருந்தேன்."

"முடியப் புடிச்சது?"

"அப்பாதான்."

சின்னவள், "சரி" என்றாள். அந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினார்கள்.